பேசி முடிச்சாச்சா

வைதேகி எத்தனை விசிலுக்குக் குக்கரை இறக்குவார் என்பது எனக்குத் தெரியும். சாதத்துக்கு மூன்று, பருப்புக்கு ஐந்து. அவர் வீட்டு வாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது தெரியாது. நான்கு வருடம் தினமும் பேசினோம். ஒருநாள் பேச்சு நின்றுபோனது. பத்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்பதற்காக நான் மலேசியாவின் கிள்ளானிலிருந்து திருச்சிக்குப் போனேன்.

மாடித் தோட்டம் போடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில்தான் எங்களுக்குப் பழக்கம். என் பாகற்காய்களெல்லாம் புழு வைத்து, மஞ்சளாகி விழுந்துகொண்டிருந்தன. படம் எடுத்துப் போட்டேன். ஆளுக்கு ஒரு கும்பிடு பொம்மை போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும், "பிஞ்சா இருக்கறச்சேயே காகிதப் பையைக் கட்டிவிடுங்கோ" என்று குரல் பதிவு அனுப்பினார். கட்டினேன். காய் பிழைத்தது. நன்றி சொல்லக் கூப்பிட்டேன். அன்று ஒரு மணி நேரம் பேசினோம்.

அவருடைய கணவர் சம்பத்துக்குக் கை கால் நடுங்கும் பார்க்கின்சன் வியாதி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குழறிப்போய், ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவர ஒரு நிமிடம் ஆகும். மதியம் சாப்பிட்டதும் அவர் படுத்துவிடுவார். வைதேகி மாடிக்கு வந்து, பச்சை வலை கட்டிய நிழலில் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வார். அவருக்கு இரண்டு மணி என்றால் எனக்கு நாலரை. நான் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இருவரும் வேறு ஊர்களில். அந்த நாலரை மணிக்காகவே என் பகல் நகர்ந்தது. ஒருமுறை மார்பில் கட்டி என்று பரிசோதனைக்குப் போனேன். ஒன்றுமில்லை என்று முடிவு வரும்வரை மருத்துவமனை நாற்காலியில் என்னோடு இருந்தது வைதேகியின் குரல். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

போன பங்குனியில் ஒருநாள் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. பிறகு அனுப்பியவற்றுக்கெல்லாம் ஒரே ஒரு சாம்பல் நிற டிக். முதலில் போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் என்மேல் ஏதோ கோபம் என்று. கடைசியில், அவருக்கே ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

என் வீட்டுக்காரரிடம் ஸ்ரீரங்கம் பெருமாளுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று சொன்னேன். அவர் போனில் மீன் பிடிக்கிற வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். "போயிட்டு வா" என்றார்.

முதல் நாள் காலை மத்திய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு, எதிர்ச் சந்தில் பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். பொங்கலில் மிளகை முழுசாகப் போட்டிருந்தார்கள். கிள்ளானில் மிளகை உடைத்துத்தான் போடுவோம். கடித்த பிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. பரிமாறியவர் சிரிக்காமல் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் தள்ளினார்.

அடுத்து சிம் கார்டு. கடைக்காரர் பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்து, என்னைச் சுவரோரம் நிற்க வைத்துப் படமும் எடுத்தார்.

"எப்ப வேலை செய்யும்?"

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஆக்டிவேட் ஆயிடும்ங்க."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு ஒரு நாள்தானேங்க" என்றார்.

அந்த ஒரு நாளை எனக்குத் தாங்கத் தெரியவில்லை. பையிலிருந்து போனை எடுப்பதும், ஒன்றும் வரவில்லை என்று வைப்பதும், மறுபடி எடுப்பதுமாக இருந்தேன். பேருந்து நிலையத்தில் நின்றபடி வைதேகியின் பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளி வாசித்தேன். கத்திரிக்காய்ப் படம், வெண்டைப்பூ, சம்பத் சாருக்குப் புது மாத்திரை. கூட்டம் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன், ஏறினேன். பேருந்தில் நின்றபடியே வாசித்தேன். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்து சேர அரைமணி நேரம் ஆகிவிட்டது.

"எங்கம்மா போகணும்?"

"ஸ்ரீரங்கம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது துவாக்குடி வண்டிம்மா. ஸ்ரீரங்கம் அந்தாண்ட இருக்கு. திருவெறும்பூர் வரப்போவுது, எறங்கி எதிர்ப்பக்கம் நில்லுங்க."

சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள். ஒவ்வொரு காதிலும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஏதோ இருந்தது. யாரும் நிமிரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. ஏறிய பேருந்தின் பெயர்ப்பலகையை அறுபத்தொரு வயதில் நானே பார்க்கவில்லை.

திருவெறும்பூர் நிறுத்தத்தில் என்னோடு நின்ற அம்மா, துவாக்குடியில் மாணவர் விடுதி ஒன்றில் சமையல் வேலை செய்பவராம். நான் வழிதவறிய கதையைக் கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார்.

"ஆறு வருசமா சோறு போடறேன். ஒரு புள்ள பேரு எனக்குத் தெரியாது. என் பேரு அதுங்களுக்குத் தெரியாது. சாம்பார் நல்லாருக்கான்னு கேட்டா, காதுல இருக்கறத எடுத்துட்டு, என்னக்கான்னு கேக்குதுங்க. அப்பறம் எனக்கே கேக்கத் தோணல. ஊத்திட்டுப் போயிடறேன்."

"வீட்டுல பேச ஆளு இருக்காங்களா?"

"மவன் துபாய்ல. தினம் வீடியோல வருவான். நான் பேசறப்ப அவன் கண்ணு எங்கயோ இருக்கும்." அவருடைய பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார்.

விடுதிக்குத் திரும்பும்போது முழங்கால் இரண்டும் கெஞ்சின. மறுநாள் போகலாம் என்று படுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் ஒன்றாம் நம்பர் பேருந்தில், பலகையை மூன்று முறை படித்துவிட்டு ஏறினேன். பக்கத்து இருக்கைப் பெண் இயர்போன் இல்லாமல் சீரியல் பார்த்துக்கொண்டு வந்தார். மாமியார் ஒருத்தி அழுதாள், மருமகள் அழுதாள், பேருந்து முழுவதும் அதைக் கேட்டது. கிள்ளான் ரயிலில் இப்படிச் செய்தால் நாலு பேர் முறைப்பார்கள். இங்கே பின்னால் இருந்தவர், "சவுண்டு கொஞ்சம் கூட வைங்கம்மா, வண்டி சத்தத்துல கேக்க மாட்டேங்குது" என்றார். காவிரிப் பாலத்தில் ஏறியபோது ஆற்றைப் பார்த்தேன். மணலும், ஓரமாகக் கொஞ்சம் தண்ணீரும். வைதேகி வெள்ளம் வந்தபோது எடுத்து அனுப்பிய வீடியோதான் என் மனதில் இருந்த காவிரி. ஏமாற்றமாக இருந்தது.

முன்பு பாத்திக் என்கிற எங்கள் ஊர் அச்சுத் துணி ஒன்றைப் பார்சலில் அனுப்பியதால் விலாசம் என்னிடம் இருந்தது. உத்திர வீதியில் தேர் போகிற அகலத்துக்கு இடம் விட்டு வீடுகள் நின்றன. ஓரத்தில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவரிடம் காகிதத்தைக் காட்டினேன்.

"சம்பத் சார் வீடா? அந்தப் பச்சைக் கதவு. ஆனா சார் தவறிட்டாரே. உங்களுக்குத் தெரியாதா?"

"எப்ப?"

"பங்குனில. உள்ளயே வழுக்கி விழுந்துட்டாருன்னு சொன்னாங்க. பாவம், நல்ல மனுசன்." அவர் பெட்டியைத் தூக்கிக் கரியை ஊதினார். நான் போய்ப் பச்சைக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தலையில் ஹெட்செட், அதன் மைக்கை நெற்றிப் பக்கம் தூக்கிவிட்டிருந்தாள். வைதேகியின் மகள் ரஞ்சனி என்று பார்த்ததும் தெரிந்தது. பெங்களூரில் வேலை பார்க்கிறவள், படங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"யாரு வேணும்?"

"வைதேகி அம்மாவைப் பார்க்கணும். நான் கமலா. மலேசியாவிலிருந்து வரேன்."

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். "நீங்களா" என்றாள். அப்புறம் நினைவு வந்தவள் போல, "உள்ள வாங்கோ" என்றாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மா கோயிலுக்குப் போயிருக்கா. வர நாழியாகும்."

"அப்பா விஷயம் தெருவுலதான் சொன்னாங்க. எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா…"

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேள்? போன் பண்ணியிருப்பேள்."

அவள் குரலை உயர்த்தவில்லை. எதிரே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"அப்பா தனியா எழுந்துக்கப்படாது. அதுக்காகத்தான் அவர் தலைமாட்டுல ஒரு போன் வெச்சிருந்தோம். ஒரு பட்டனை அமுக்கினா அம்மாவுக்குப் போற மாதிரி நான்தான் போட்டுக் கொடுத்தேன். அன்னிக்கு அவருக்கு பாத்ரூம் போகணும். மூணு தடவை அமுக்கியிருக்கார். ரெண்டு இருபத்தேழு. ரெண்டு முப்பத்தொண்ணு. ரெண்டு முப்பத்தஞ்சு. அப்புறம் தானா எழுந்துண்டிருக்கார்."

குடிக்காமலே டம்ளரைத் திருப்பி வைத்தேன்.

"அம்மா மாடியில பேசிண்டிருந்தது ரெண்டு பத்துலேர்ந்து மூணு அஞ்சு வரைக்கும். உங்களோட. ஆஸ்பத்திரியில உக்காந்துண்டு அம்மா போனை நான்தான் எடுத்துப் பார்த்தேன். இடுப்பு எலும்பு போயிடுத்து, தலையில அடி. ஆறு நாள் இருந்தார்."

உள்ளே அவளுடைய கணினி ஒலித்தது. திரும்பிப் பார்த்தாள். "எனக்கு மீட்டிங் இருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்கோ. அம்மாகிட்ட சொல்றேன். பார்க்க மாட்டேன்னு சொல்லிட்டா நீங்க அப்படியே திரும்பிப் போயிடணும்."

வெளியே வந்து எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நடந்தேன். காவிரிக் கரையில் அம்மா மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன். படித்துறையில் ஒரு குடும்பம் திதி கொடுத்துக்கொண்டிருந்தது. மொட்டை போட்ட ஒருவர் ஈர வேட்டியோடு உட்கார்ந்து மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல, அவர் தம்பி போலிருந்தவர் எதிரே போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் எங்கோ குளிர் ஊரில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். "தெரியுதாம்மா? பிண்டம் தெரியுதா?" என்று அவர் போனைத் தாழ்த்திக் காட்டினார்.

அப்போதுதான் சிம் உயிர் பெற்றது. கையிலிருந்த போன் நடுங்க ஆரம்பித்து நிற்கவேயில்லை. தோட்டக் குழு, பழைய அலுவலகக் குழு, குடும்பக் குழு, கோவில் குழு. அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டே, சம்பத் விழுந்த அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். நினைவு வராதா என்றுதான் பயந்தேன். எல்லாமே வந்தது.

பக்கத்து வீட்டுச் சீன அம்மாவின் பூனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மஞ்சள் பூனை, வால் நுனி மட்டும் வெள்ளை. தினமும் என் கறிவேப்பிலைத் தொட்டியில் வந்து சுருண்டு படுத்துக்கொள்ளும். அன்று அதை விரட்டக் குழாயைத் திருப்பினேன், தண்ணீர் அந்த அம்மா காயப்போட்டிருந்த துணியெல்லாம் நனைத்துவிட்டது. இதுதான் கதை. நடுவில் லைனில் ஒரு சத்தம் வந்தது. "அவர் கூப்பிடறார். காபிக்கா இருக்கும்" என்றார் வைதேகி. "இருங்க, இருங்க, முடிச்சிடறேன்" என்றேன் நான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்தச் சத்தம். "மறுபடியும்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்றாவது முறை சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. அந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு எப்படி வந்தார் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

படித்துறையிலிருந்து எழுந்து வந்தும் மதியம் சாப்பிடவில்லை. ஒரு கடையில் போய் உட்கார்ந்தேன், இலை போட்டார்கள், எழுந்து வந்துவிட்டேன். பின்னாலிருந்து யாரோ "என்னங்கம்மா ஆச்சு" என்று கேட்டது காதில் விழுந்தது.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு வைதேகியே கதவைத் திறந்தார். அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். நான்கு வருடம் முகத்தையும் கழுத்தையும் மட்டுமே பார்த்திருந்ததால் அது எனக்குத் தெரியாது. வலது காலைச் சற்றுச் சாய்த்து நடப்பார் என்பதும் தெரியாது.

"வாங்கோ. வெயில்ல வந்திருக்கேள்" என்றார். அந்தக் குரல் என் காதுக்குள்ளேயே இத்தனை காலம் இருந்தது. இப்போது ஆறடி தள்ளி, ஒரு அறையின் எதிரொலியோடு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"முதல்ல சாப்பிடுங்கோ. அப்புறம் பேசிக்கலாம்."

ரசத்தைச் சாத்தமுது என்பார்கள் அவர்கள் வீட்டில். அதை எப்படிச் செய்வது என்று எனக்குப் போனில் பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் செய்திருக்கிறேன், வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. இப்போது சாப்பிட்டபோது நான் செய்தது இது இல்லவே இல்லை என்று புரிந்தது. வாழைக்காய்க் கறியும் தயிரும் போட்டார். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை. ரஞ்சனியின் அறை மூடியிருந்தது. உள்ளேயிருந்து ஆங்கிலத்தில் அவள் யாரையோ சமாதானப்படுத்துவது கேட்டது. வைதேகி ஒரு தட்டில் சாதத்தைப் பிசைந்து எடுத்துப்போய், கதவை இரண்டு தட்டுத் தட்டி, ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தார்.

"என்னைப் பார்த்துக்கத்தான் பெங்களூர்லேர்ந்து வந்திருக்கா" என்றார். "காலம்பற ஒன்பது மணிக்கு உள்ள போனா, சாயங்காலம் ஏழு மணிக்கு வெளியில வரா. நல்ல பொண்ணு. அவ வேலை அப்படி."

மாடிக்குப் போனோம். பச்சை வலை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. பைகளில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பாகல் கொடி கயிற்றோடு கயிறாகக் காய்ந்து கிடந்தது. படங்களில் நான் எண்ணி எண்ணிப் பார்த்த செடிகள்.

"பிடுங்கிப் போடக்கூட நான் மேல வரல்லை" என்றார் வைதேகி. "இன்னிக்குத்தான் வரேன்."

இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் இருந்தன. துடைத்துப் போட்டார். நான் உட்காராமலேயே சொன்னேன்.

"அன்னைக்கு அவர் கூப்பிடறார்னு நீங்க சொன்னீங்க. நான்தான் இருங்கன்னு சொன்னேன்."

"தெரியும்."

"ரெண்டு தடவை சொன்னேன்."

"தெரியும், கமலா. எனக்கு ஞாபகம் இருக்கு." அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீங்க இருங்கன்னேள். நான் இருந்தேன். ரெண்டும் ஒண்ணில்லை. அதை நான் ரஞ்சனிகிட்டயும் சொல்லிட்டேன். ஆனா உங்க குரலைக் கேட்டா எனக்கு அந்த ரெண்டரை மணி வந்துடறது. இப்பவும் வந்துண்டிருக்கு. அதான் போனையே அணைச்சு ரஞ்சனிகிட்ட கொடுத்துட்டேன். உங்களுக்குச் சொல்லாம விட்டது தப்புதான்."

"நான் கீழ போறப்ப அவருக்கு நினைவு இருந்தது" என்று அவரே தொடர்ந்தார். "தரையில கிடந்தார். என்னைப் பார்த்து, பேசி முடிச்சாச்சான்னு கேட்டார். அத்தனை நாளா குழறிண்டிருந்த பேச்சு, அன்னிக்குத் தெளிவா வந்தது. கேலியா கேக்கல்லை. கோவமா கேக்கல்லை. நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டார். முடிச்சாச்சுன்னா தூக்கிவிடுன்னு."

நான் உட்கார்ந்துவிட்டேன். கீழே தெருவில் காய்கறி வண்டி ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரலோடு போனது. தக்காளி, வெங்காயம், தக்காளி, வெங்காயம். அது முனை திரும்பியது.

"எல்லாரும் சொன்னா, நீ அந்தப் போனை விட்டொழி, நாலு மனுஷாளோட பழகுன்னு" என்றார். "விட்டாச்சு. பத்து மாசமாச்சு. யாரும் வரல்லை. கோயிலுக்குப் போறேன். அங்க வரிசையில முன்னாடி நிக்கறவா போனைப் பார்த்துண்டு நிக்கறா, பின்னாடி நிக்கறவாளும் அப்படித்தான். பெருமாளை ரெண்டு நிமிஷம் பார்க்கறேன். வந்து அடுப்பை மூட்டித் தளிகை பண்றேன். சாயங்காலம் ஏழு மணிக்கு ரஞ்சனி வெளியில வரா, அவளுக்குக் களைச்சுப் போயிடறது. இதுக்கு அந்த மனுஷரோட நான் உக்காந்திருந்திருக்கலாம். அவர் ஒரு வார்த்தை சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். அந்த நிமிஷம் எனக்கு ரொம்ப நீளமா இருந்தது. உங்களோட பேசறப்ப ஒரு மணி நேரம் போறதே தெரியாது."

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அது வேண்டாம். அதைச் சொல்லாதீங்கோ. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்." அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "அன்னிக்கு அந்த ஒரு மணி நேரம் நாம என்ன பேசிண்டிருந்தோம்? நீங்க இருங்கன்னு சொன்னது ஞாபகம் இருக்கு. எதைச் சொல்ல இருக்கச் சொன்னேள்ங்கறது வரவே மாட்டேங்கறது. பத்து மாசமா யோசிக்கறேன். ஏதாவது முக்கியமான விஷயமா இருந்திருந்தா… உங்க உடம்பு விஷயமா, பிள்ளைகள் விஷயமா? அப்படி ஏதாவது இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் தேவலை."

பொய் சொல்லியிருக்கலாம். மார்புக் கட்டி மறுபடி வந்தது, பயந்து அழுதேன், நீங்கள்தான் தைரியம் சொன்னீர்கள் என்று. வாயில் வந்தும் விட்டது. ஆனால் அவர் கேட்பார், அப்புறம் என்ன ஆயிற்று, மருத்துவர் என்ன சொன்னார் என்று. ஒன்றொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் அவர். உண்மையைச் சொல்லவும் நா எழவில்லை. இவ்வளவு தூரம் வந்து, அந்தப் பூனையை அவர் முன்னால் எப்படி வைப்பேன்.

"எனக்கும் ஞாபகம் இல்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப ஒண்ணுமில்லாத பேச்சாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

அவரே எழுந்தார். படியிறங்கும்போது, "பார்த்து வாங்கோ, கடைசிப் படி உயரம்" என்றார். வாசல்வரை வந்தார். ஆட்டோவை அவரே கைகாட்டி நிறுத்தினார்.

"இனிமே வர வேண்டாம், கமலா. எழுதவும் வேண்டாம். கோவத்துல சொல்லல்லை."

"சரிங்க."

"இவா வெளியூர். மெதுவா கூட்டிண்டு போங்கோ" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஆட்டோக்காரர் தன் போனில் பாட்டை நிறுத்திவிட்டு, "சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பிரண்டா?" மத்திய பேருந்து நிலையத்துக்குப் போகச் சொன்னேன். அவர் பாட்டை மறுபடி போட்டுக்கொண்டார்.

கோவிலுக்கு நான் போகவேயில்லை. இவ்வளவு தூரம் ஸ்ரீரங்கம் வந்து பெருமாளைப் பார்க்காமல் போனவள் நானாகத்தான் இருப்பேன். மறுநாள் காலை விமானத்தில் என் பக்கத்தில் இருந்த பெரியவர், "தரிசனம் எல்லாம் நல்லபடியா ஆச்சுங்களா?" என்று கேட்டபோது, ஆச்சு என்று சொல்லிவிட்டேன்.

கிள்ளானில் என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் இருந்தார். எனக்கும் சேர்த்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு வாங்கி வைத்திருந்தார், இலையைப் பிரிக்காமல். போனைச் சாம்பார்க் கிண்ணத்தில் சாய்த்து நிறுத்தி, ஆற்றில் யாரோ தூண்டில் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனை எடுத்தார்.

"வேண்டுதல் முடிஞ்சதா?"

"வேண்டுதல் இல்லீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். வைதேகி யார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. மார்புக் கட்டியைச் சொன்னேன். இரண்டு இருபத்தேழையும் முப்பத்தொன்றையும் முப்பத்தைந்தையும் சொன்னேன். பூனையைச் சொன்னேன். நடுவில் எப்போதோ அவர் மற்றக் காதிலிருந்தும் எடுத்திருந்தார். போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். இத்தனை நேரம் அவர் என்னைப் பார்த்தது கடைசியாக எப்போது என்று எனக்கு நினைவில்லை. சோறு ஆறிப்போயிருந்தது.

"அன்னைக்குச் சாயங்காலம் நீ அந்தப் பூனைக் கதையைப் பேசிட்டிருந்தப்ப நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டார்.

"வீட்டுலதான் இருந்திருப்பீங்க."

"வீட்டுல எங்க?"

யோசித்துப் பார்த்தேன். கூடத்திலா, அறையிலா, கடைக்குப் போயிருந்தாரா, எனக்குப் பின்னாலேயே இந்த நாற்காலியில் இருந்தாரா. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

எனக்குத் தெரியவில்லை.